அத்தான் பார்த்த படம்

என் அக்கா கணவர் ஸ்கேன் டாக்டர். யாருடைய உடம்புக்குள்ளும் எட்டிப் பார்த்துவிடுவார். வெளியிலிருந்து மட்டும் ஆளைப் பார்க்க மாட்டார். படத்தில் இருக்கும் பெயரைக்கூட முடிவு சொன்ன பிறகுதான் படிப்பார். பெயர் தெரிந்தால் கண் ஓரவஞ்சனை செய்யுமாம். போகிற வீடெல்லாம் அவர் இதைச் சொல்லிச் சொல்லி எங்களுக்குக் காது புளித்துவிட்டது.

எனக்குத் தொழில் ஏலம் கூவுவது. போன வாரம் தொண்டையின் இடது பக்கம் வலி பிடித்தது. எச்சில் விழுங்கினால் காது வரை குத்தியது. வீட்டிலேயே டாக்டர் இருக்கிறாரே என்று அத்தானிடம் போனேன். அவர் சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை.

"கூவிக் கூவித் தொண்டை கட்டியிருக்கு மச்சான். மாத்திரையைப் போட்டுட்டு வாயை மூடிக்கிட்டுப் படு."

"வாய்க்குள்ள ஒரு தடவை பாருங்களேன்" என்றாள் அக்கா.

"உன் தம்பிக்கு எறும்பு கடிச்சாக்கூட ஆம்புலன்ஸ் வேணும். உங்க குடும்பமே அப்படித்தான்."

அவர் சொன்னபடி வாயை மூடிக்கொண்டு படுத்தேன். இரண்டு நாளில் அதைத் திறக்கவே முடியவில்லை. பேச்சு குழறியது, எச்சில் கடைவாயில் ஒழுகியது, மல்லாந்தால் மூச்சு முட்டியது. செத்துவிடுவேன் என்று நிஜமாகவே பயந்தேன். அக்கா அத்தானிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவர் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

தொண்டை டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். "சீழ் கட்டியிருக்கற மாதிரி இருக்கு. வாய் திறக்க மாட்டேங்குது, எவ்வளவு ஆழம்னு தெரியல. ஸ்கேன் எடுத்துடலாம்."

கை நரம்பில் மருந்து ஏற்றிப் படம் எடுத்தார்கள். நாங்கள் திரும்பி வந்து உட்காருவதற்குள் டாக்டரம்மாவின் மேசைப் போன் அடித்தது. அவர் ஸ்பீக்கரில் போட்டார். அத்தான் பேசினார்.

"இடது டான்சில் பக்கத்துல பெரிய சீழ்க்கட்டி. நடுவுல கருப்பு, சுத்தி வெள்ளை வளையம், சந்தேகமே இல்ல. மூச்சுப் பாதையை நெருக்குது. உடனே சீழை எடுத்துடுங்க, தள்ளிப்போட்டா ஆள் போயிடுவான்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆமா, இவ்வளவு தூரம் விட்டு வெச்சது எந்த மடையன்? வாய்க்குள்ள எட்டிப் பார்த்திருந்தாலே தெரிஞ்சிருக்குமே."

டாக்டரம்மா அக்காவைப் பார்த்தார். அக்கா போன் பக்கம் குனிந்தாள்.

"நீங்கதாங்க. பேரைப் படிங்க."

அந்தப் பக்கம் அத்தான் என் பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பது கேட்டது.

மரத்துப்போக மருந்து போட்டுக் கட்டியைக் கீறினார்கள். அத்தான் மாடியிலிருந்து ஓடி வந்தார். கிண்ணத்தில் இருந்த சீழைப் பார்த்ததும் முகம் வெளுத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். படத்தில் அது இவ்வளவு நாறியிருக்காது, பாவம். எனக்கு மூச்சு சீரானது. அவருக்கும் உயிர் திரும்பியது, கூடவே பெருமையும் திரும்பியது.

"கவனிச்சியா மச்சான்? படத்தைப் பார்த்த உடனே சொல்லிட்டேன்."

நான் ரத்தம் துப்பிக்கொண்டிருந்தேன். அக்காதான் பதில் சொன்னாள்.

"ஆமாங்க. யாரோ எவனோன்னு நினைச்சுப் பார்த்தீங்க. அதனாலதான் என் தம்பி பிழைச்சான்."