பகலில் எரியும் விளக்கு

கட்டிலை மாடிக்கு ஏற்றும்போது இடித்து, படிக்கட்டு விளக்கின் சுவிட்சு உடைந்தது. பக்தவச்சலம் ஆம்பூர் பஜாரில் புதுசு வாங்கி வந்து தன் கையாலேயே மாட்டினான். சுவரில் மூன்று ஒயர் இருந்தது. புது சுவிட்சில் இரண்டுக்குத்தான் இடம். மூன்றாவதை டேப் சுற்றி உள்ளே தள்ளிவிட்டான். தோல் பதனிடும் ஷாப்பில் டிரம் மெஷின் ஓட்டுகிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

பகலில் போட்டுப் பார்த்தான், எரிந்தது. பொழுது சாய்ந்ததும் போட்டான், எரியவில்லை. மறுநாள் காலையில் மறுபடியும் எரிந்தது, சாயங்காலம் செத்துக் கிடந்தது. பல்பை மாற்றினான். பியூஸைக் கழற்றி மாட்டினான். சுவிட்சையும் திட்டி, விற்றவனையும் திட்டினான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

ஆனால் அவன் பயம் பொய்யில்லை. மகள் பூரணிக்குச் சின்ன வயதிலேயே போலியோவில் இடது கால் சூம்பிவிட்டது. அவள் வேலை செய்யும் ஷூ கம்பெனியின் பஸ் அவளைச் சொந்த ஊர் மாதனூரில் இறக்கிவிடும்போது இருட்டிவிடும். படி செங்குத்து, கைப்பிடியும் கிடையாது. அவள் விழுந்துவிட்டால் என்ன செய்வது?

"மூணு ஒயரா?" என்று கேட்டார் சுவிட்சு விற்ற ஜான் பாஷா. "அப்ப கீழயும் ஒரு சுவிட்சு இருக்கும். ரெண்டு எடத்துலயும் போட்டு அணைக்கிற மாதிரி. நீ மாட்னது சாதா. கீழ சுவிட்சு ஒரு பக்கம் இருந்தா உனக்கு எரியும், யாராவது மறுபக்கம் தட்டிட்டா லைன் போய்டும்."

"இப்ப இன்னா பண்றது பாய்?"

"சரியான சுவிட்சு வேலூர்லேர்ந்து வரணும். அதுவரைக்கும் கீழ யாரும் தொடாம இருந்தா போதும். ஒரு வார்த்த சொல்லிடு."

சொல்வதாவது! கீழ்வீடு அண்ணன் தணிகைவேலுடையது, அவனுக்குப் பிள்ளை இல்லை. பாகம் பிரித்தபோது படிக்கட்டு தம்பிக்கு வந்தது. கீழ் சுவிட்சு இருந்த சுவர் அண்ணனுக்குப் போனது. அன்றிலிருந்து பேச்சில்லை. எதிரே வந்தால் ஒருவன் தரையைப் பார்ப்பான், இன்னொருவன் வானத்தைப் பார்ப்பான். அண்ணன் வேண்டுமென்றேதான் அணைக்கிறான் என்று பக்தவச்சலம் முடிவு கட்டிவிட்டான். கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும், வீம்பு விடவில்லை. மேல் சுவிட்சைப் போட்டே வைத்துவிட்டு, வந்தால் வருகிறது என்று உட்கார்ந்திருந்தான்.

அன்று சாயங்காலம் பூரணி விழுந்தாள். பாதிப் படியிலிருந்து உருண்டு கீழே கிடந்தாள். ஒடிந்தது நல்ல கால்.

அவன் மனைவி பங்கஜம் வண்டி பிடிக்க ரோட்டுக்கு ஓடினாள். பக்தவச்சலம் மகளின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். சத்தம் கேட்டு அண்ணனும் அண்ணி தனகோடியும் ஓடிவந்தார்கள்.

"கிட்ட வராத!" என்று கத்தினான் பக்தவச்சலம். "தெனம் லைட்ட அணைச்சு அணைச்சு எம் பொண்ண கொன்னுட்டியேடா! புள்ள பெத்தவனா இருந்தா செய்வியா?"

பதில் சொன்னது தனகோடிதான்.

"இன்னா பேச்சு பேசுறீங்க? அவரு அணைக்கிறாரா? பொழுது சாஞ்சா மொத வேலையா அந்த சுவிட்சதான் போடுவாரு. கொழந்த இருட்டுல ஏறக்கூடாதுன்னு. விடிஞ்சாத்தான் அணைப்பாரு. இத்தினி வருசமா அதான். இப்ப கொஞ்ச நாளா போட்டும் எரியலியேன்னு அவரே பேஜாரா இருந்தாரு. உங்கள கேக்கலாம்னா நீங்க மொகம் குடுத்தாத்தான?"

இத்தனை வருடமும் பங்கஜம்தான் விளக்குப் போடுகிறாள் என்று பக்தவச்சலம் நினைத்திருந்தான். அவளோ, இவன் போடுகிறான் என்று நினைத்திருந்தாள். அண்ணா என்று கூப்பிட வாயெடுத்தான். சொன்ன சொல்லை எங்கே போய்ப் பொறுக்குவது?

"பெரிப்பா, வலிக்குது" என்று முனகினாள் பூரணி.

தணிகைவேல் அவளருகே வரவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பினான்.

"இனிமே தொடமாட்டேன்" என்று சொல்லி சுவிட்சை அணைத்தான்.

படி முழுக்க வெளிச்சம் கொட்டியது.