இரண்டு பூட்டுக் கதவு

கதை எழுதிப் பழகாத கை இது. பிழையிருப்பின் பெரியோர்கள் பொறுத்தருள வேண்டுகிறேன். நடந்ததைச் சொல்லாமல் விடவும் மனம் ஒப்பவில்லை.

மேட்டுப் புல்வெளிக்குப் பாறையிடுக்கில் ஒரே வழி. அங்கிருந்த இரும்புக் கதவில் இரண்டு பூட்டுகள் தொங்கின. ஒன்றின் சாவி வனத்துறையிடம். மற்றதன் சாவி, காட்டின் பூர்வகுடிகள் சார்பில் கூட்டுக் குழுவில் இருந்த தேனக்காவிடம். இருவரும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். பூட்டை மாற்றவும் இருவர் கையெழுத்து வேண்டும். மான்கள் குட்டி ஈனும் காலத்தில் திறப்பதே இல்லை என்பது ஒப்பந்தம்.

அந்தக் காலம் பார்த்து, அதிகாரி அவர்கள் தலைமையக விருந்தினரோடு ஜீப்பில் வந்திறங்கினார். தம் பூட்டைத் திறந்துவிட்டு, தேனக்காவிடம் கையை நீட்டினார்.

“சும்மா பாத்துட்டு வந்துடுவாங்கம்மா.”

“பிரசவ அறைக்குள்ளயும் இப்படித்தான் சும்மா பாக்க நுழைவீங்களா சார்?”

விருந்தினர் ஒருவர் சிரித்துவிட்டு, இருமலாக மாற்றிக்கொண்டார்.

“குழுவுல உங்களை உக்கார வெச்சதே நாங்கதான், மறந்துடாதீங்க.”

“காட்டையே எடுத்துக்கிட்டு அதுல ஒரு நாற்காலி போட்டீங்க. அதைத் தானம்னு சொல்லாதீங்க சார்.”

அதிகாரியின் முகம் கறுத்தது. கூட வந்திருந்த வனக்காவலர் பக்கம் திரும்பினார். காவலர் தேனக்காவின் கொழுந்தன்.

“உன் அண்ணிதானேய்யா? வாங்கு.”

காவலர் இருதலைக் கொள்ளி எறும்பாக வந்து நின்றார்.

“குடுத்துடுங்க அண்ணி. என் சோத்துல மண்ணைப் போட்டுடாதீங்க.”

தேனக்காவின் கை மடிக்குப் போய்த் தயங்கியது. கதவுக்கு அப்பால்தான் அவருடைய குடியினர் ஆண்டுதோறும் தேனெடுக்கும் பாறையும் இருந்தது. கொழுந்தனின் முகத்தைப் பார்க்காமலே சாவியை எடுத்துப் பள்ளத்தில் வீசினார்.

“இப்ப யாரு கேட்டாலும் எங்கிட்ட இல்ல.”

“அறுய்யா பூட்டை” என்றார் அதிகாரி.

காவலர் ஜீப்பிலிருந்து ரம்பத்தை எடுத்தார். பூட்டருகே போனார். பிறகு அதை அதிகாரியின் காலடியில் வைத்தார்.

“ஒப்பந்தத்தை அறுக்கணும்னா நீங்களே அறுங்க சார். எல்லாரும் பாக்கட்டும்.”

விருந்தினர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அதிகாரி குனியவில்லை. ஜீப் திரும்பியது.

தேன் எடுக்கும் பருவம் வந்தபோது, “கதவேறிக் குதிச்சுடலாமா அண்ணி?” என்று கொழுந்தன் கேட்டார்.

“சொந்த வீட்டுக்குள்ள எவனாவது சுவரேறிக் குதிப்பானா?”

இழந்தவை: ஒரு சாவி. குழுவில் தேனக்காவின் இடம். கொழுந்தனின் வேலை. புதுப் பூட்டுக்கு அதிகாரி கையெழுத்திட மறுத்ததால், அந்த ஆண்டின் தேன் முழுவதும்.