ஞாயிறு பதினொரு மணிக் குசினி

ஜெர்மனியின் பீலெஃபெல்ட் அகதிகள் விடுதியில் மூன்று மாடிக்கும் சேர்த்துச் சமைக்க ஒரே ஒரு குசினிதான். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டாம் மாடித் தமிழர்களின் முறை வருவதற்குள் பிற்பகல் மூன்று மணியாகிவிடும். வேலை செய்ய அனுமதி இல்லை, ஊர் எல்லையைத் தாண்ட அனுமதி இல்லை. நேரத்துக்கு ஒரு பிடி சோறும் இல்லையென்றால் மனுசருக்குக் கோபம் வராதா? 1986 மார்கழியில் சட்டி பறக்காத குறைதான். கடைசியில் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஜெர்மன்காரர்தான் ஒரு வழி சொன்னார். எல்லா மாடிக்காரருக்கும் தெரிந்த விளையாட்டு போக்கர். மாடிக்கு இரண்டு பேர் விளையாடட்டும். வெல்கிற மாடிக்கு வருசம் முழுவதும் ஞாயிறு பதினொரு மணி.

சனிக்கிழமை கீழ் மண்டபத்தில் ஆட்டம். ஆளுக்கு நாற்பது தீக்குச்சி. ஐந்து சீட்டு, வேண்டாததை ஒருமுறை மாற்றலாம். ஒருவர் தள்ளும் குச்சிக்கு நிகராக வைக்கவேண்டும், இல்லையென்றால் சீட்டைக் கவிழ்த்து விலகவேண்டும். குச்சி தீர்ந்தவர் எழும்பவேண்டும்.

இரண்டாம் மாடிக்கு யோகலிங்கம் போனார். ஊரில் நாலு பேர் கூடி ஆடும் முந்நூற்றிநாலு சீட்டு விளையாட்டில் விடுதியிலேயே அவரை அடிக்க ஆளில்லை, அதை அவரே அடிக்கடி சொல்லுவார். கூட ஒரு ஆள் வேண்டுமே என்று, வழக்கமாக நாலாவது கையாக இருக்கும் சுந்தரேஸ்வரியையும் சேர்த்துக்கொண்டார்.

மூன்றாம் மாடியிலிருந்து வந்த இருவரில் ஒருவர் லொறி ஓட்டிய போலந்துக்காரர். எடுத்ததற்கெல்லாம் மேசையில் அடித்துப் பத்துக் குச்சியைத் தள்ளினார். மற்றவர்கள் பயந்து சீட்டைக் கவிழ்த்தார்கள். யோகலிங்கத்துக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. என்னையே வெருட்டுகிறானோ என்று ஒவ்வொரு தடவையும் மல்லுக்கு நின்றார். முந்நூற்றிநாலில் ஜாக்தான் பெரியது, அடுத்தது ஒன்பது, ஆசு அதற்கும் கீழே. போக்கரிலோ ஆசுதான் எல்லாவற்றுக்கும் மேலே. கோபத்தில் கை பழைய பழக்கத்துக்குப் போய்விட்டது. ஜாக்கையும் ஒன்பதையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சோடியாக வந்த இரண்டு ஆசுகளை எறிந்தார் மனுசன். சீட்டை விரித்தபோது மண்டபமே சிரித்தது. குச்சியும் தீர்ந்தது.

சுந்தரேஸ்வரிக்கு முகம் எரிந்தது. ஆனாலும் அவள் அவசரப்படவில்லை. மோசமான சீட்டு வந்தால் பேசாமல் கவிழ்த்தாள், போலந்துக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மனுசனுக்கு எந்த நேரமும் நல்ல சீட்டு வராது. உண்மையில் நல்லது வந்து விரித்துக் காட்டிய இரண்டு முறையும் அவர் சத்தமே போடாமல் ஐந்து குச்சியை மெல்ல வைத்தார். அது அவள் மனதில் பதிந்தது.

ஒவ்வொருவராக எழும்பி, கடைசியில் அவர்கள் இருவரும்தான் மிஞ்சினார்கள். மூன்று பத்துகள் கையில் வந்தபோது அவரை மறித்து ஒரு பெரிய குவியலை வென்றாள். இப்போது அவளிடம் அவரைவிட நாலு குச்சி கூட. போலந்துக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது.

அடுத்த கையில் அவளுக்கு இரண்டு ராணிகள். மூன்று சீட்டை மாற்றினாள், ஒன்றும் பொருந்தவில்லை. அவர் மேசை அதிர அடித்து, தன் முழுக் குவியலையும் தள்ளினார்.

யோகலிங்கம் பின்னால் நின்று, "கவிழ்த்திடுங்கோ தங்கச்சி, ஒரு சோடியோட ஏலாது" என்றார்.

தோற்றால் நாலு குச்சிதான் மிச்சம். இன்னும் ஒரு வருசம், மூன்று மணிச் சோறு. வேறு யாராவது இப்படித் தள்ளியிருந்தால் அவளும் கவிழ்த்திருப்பாள். ஆனால் இந்த மனுசன் மேசையில் அடித்துவிட்டாரே. அவள் குச்சிகளை எண்ணி, அவருடைய குவியலுக்கு நிகராக முன்னே நகர்த்தினாள்.

அவர் விரித்தார். ஒரு ராசா, மற்றதெல்லாம் சில்லறை. ஒரு சோடிகூட இல்லை.

இரண்டாம் மாடி முழுக்க எழும்பி நின்று கை தட்டியது. நாட்டை விட்டு வந்தபின் இப்படி நெஞ்சு நிமிர்ந்து அவள் நின்றதில்லை. போலந்துக்காரரும் எழும்பி வந்து கை கொடுத்தார்.

மறுநாள் ஞாயிறு பதினொரு மணிக்குக் குசினிக் கதவை அவள்தான் திறந்தாள். யோகலிங்கம் வாசலிலேயே நின்றார். அவருக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

"ஒரு சோடியை நம்பி அவ்வளவத்தையும் வைச்சனீங்களே?"

"நான் சோடியை நம்பேல்லை அண்ணை. அந்தாளைத்தான் நம்பேல்லை."

யோகலிங்கம் சட்டைக் கையை மடித்துவிட்டு, எத்தனை வெங்காயம் உரிக்கவேண்டும் என்று அவளிடம் கேட்டார்.