கருவாட்டு மோட்டார் சைக்கிளும் ஒரு கரண்டியும்

அறுபதுகளின் கடைசியில், சனிக்கிழமை பின்னேரமானால் ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில் முதலில் நாய்கள்தான் எழும்பும். பதுளையிலிருந்து மேலேறி வரும் லத்தீப்பின் பழைய பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள் சத்தம் மனிதர் காதில் விழுமுன்னே அவை பாதைக்கு ஓடிவிடும். பின்னால் கட்டிய பலகைப் பெட்டியில் நெத்தலி, கட்டா, சூடைக் கருவாடு. பெண்கள் சுளகோடு இறங்கி வருவார்கள். "நானா, போன கெழம குடுத்த கட்டாவுல உப்புதான் இருந்துச்சு, மீனைத் தேடினோம்" என்பாள் ஒருத்தி. "மீனுக்குத்தான் விலை எடுத்தேன், உப்பு சும்மா" என்பார் லத்தீப். மழையில் நனைந்து, புகையில் கண்ணெரிந்து, ஏச்சும் சிரிப்புமாய்ப் போன பிழைப்பு. ஆனாலும் அந்தச் சனிக்கிழமைகளுக்காகவே மற்ற நாட்களைக் கடத்தினார்.

ஒரு வருஷத்து ஐப்பசி மழையில் சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். எலும்பு பொருந்தியது. விரல்கள் மட்டும் மடங்கவில்லை. சோற்றை இடது கையால் அள்ளக் கூடாதென்று வலது விரலிடுக்கில் கரண்டியைச் செருகிச் சாப்பிட்டார். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். எக்ஸிலேட்டர் பிடியை முறுக்க முடியவில்லை என்பதுதான் பொறுக்க முடியாததாக இருந்தது.

"நல்லதாப் போச்சு" என்றாள் மனைவி ஸுபைரா. "நிஸாம்ட கடைல ஒக்காருங்க. நிழல் ஈக்கி, காத்தாடி ஈக்கி. பைக்க பண்டாரவளைத் தாஸிமுக்குக் குடுத்துடுவம்."

நிஸாம் அவளுடைய தம்பி. நல்லவன்தான். ஆனால் மச்சானின் கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருகிறவனுக்கெல்லாம் பருப்பு நிறுப்பதை நினைத்தால் லத்தீப்புக்கு மூச்சு முட்டியது.

"ஒரு மாசம் தா."

"தாறேன். இன்னொருக்கா விழுந்து வந்தீங்கன்டா நான் ஒண்டும் கேக்க மாட்டன். தாஸிம வரச் செல்லிடுவன்."

இந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசித்தபோது, தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த முருகையாவின் நினைவு வந்தது. பஸ்ஸில் போய் அவன் லயத்து வாசலில் நின்றார். முருகையா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"வெரலு வேலைக்காகாது நானா. உள்ளங்கை அமுக்குதில்ல?"

"அமுக்கும்."

"அப்ப அது போதும்."

உடைந்த கவ்வாத்துக் கத்தியின் தகட்டை நெருப்பில் காய்ச்சி, கூர் விளிம்பை மழுங்கத் தட்டி, உள்ளங்கை அகலத்துக்கு வளைத்தான். மறுநாள் லத்தீப் லொறியில் ஏற்றிவந்த வண்டியின் எக்ஸிலேட்டர் பிடியில் அதைப் பட்டியும் போல்ட்டும் போட்டு இறுக்கினான். கையை மேலே வைத்து அழுத்தினால் பிடி தானாகத் திரும்பும். எடுத்தால் திரும்பிப் போய்விடும். பார்ப்பதற்குச் சோற்றுக் கரண்டி மாதிரி இருந்தது. முருகையாவின் மனைவி ரெங்கம்மா வைத்த பெயரும் அதுதான்.

தோட்டத்தில் எதையும் ஏற்றத்தில்தான் சோதிப்பார்கள். லொறியை, மாட்டை, கூடை சுமக்க வந்த புது மருமகளைக்கூட. ஏற்றம் ஏறிவிட்டால் எல்லாம் சரி. பெட்டி நிறையக் கல்லை ஏற்றி, பிள்ளையார் கோயில் ஏற்றத்தில் லத்தீப்பை விட்டார்கள். கரண்டியில் கையை வைத்தார். வண்டி முனகிக்கொண்டு உச்சிக்குப் போனது. முருகையா பீடி பற்றவைத்தான். இறக்கத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அடுத்த சனிக்கிழமை கருவாடு முழுக்க விற்றுப்போயிற்று. வெறும் பெட்டியோடு திரும்பினார். சரிவில் உடம்பு முன்னால் சாய்ந்தது, பாரமெல்லாம் கைக்கு வந்தது, கை கரண்டியை அமுக்கியது. குறைய வேண்டிய வண்டி கூடிற்று. கால் பிரேக் போதவில்லை; பயந்து இன்னும் ஊன்றினார், இன்னும் கூடிற்று. வளைவைத் தாண்டித் தேயிலைக்குள் போய் விழுந்தார்.

கொழுந்து நிறுத்துவிட்டு வந்துகொண்டிருந்த பெண்கள்தான் தூக்கிவிட்டார்கள்.

"கொழுந்தெடுக்க வாறதுன்னா நடந்து வரலாமே நானா" என்றாள் பெரியாயி. "வண்டியோடயா வருவாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். லத்தீப் சிரிக்கவில்லை. முழங்கை உரிந்திருந்தது, உடுத்திருந்த சாரம் கிழிந்திருந்தது. நிஸாமின் கடை ஸ்டூல் கண்ணுக்கு முன்னால் நின்றது.

வண்டியைத் தள்ளிக்கொண்டே முருகையாவிடம் போனார். அவன் விஷயத்தைக் கேட்டுத் தலையைச் சொறிந்தான். "எறக்கத்த யாரு நானா நெனச்சா?" பட்டியைத் தளர்த்திக் கரண்டியைப் பிடியின் வெளி ஓரத்துக்குத் தள்ளினான், நீளத்தில் பாதியை வெட்டினான். "ஏறும்போது கையை வெளிய வைங்க. எறங்கும்போது உள்ள நகத்திடுங்க. அப்ப அது சும்மா கெடக்கும்."

வீட்டுக்கு வந்தபோது பெட்டிக் கயிற்றில் தேயிலைக் கிளை தொங்கியது. மறைக்க ஒன்றுமில்லை. நடந்ததைச் சொன்னார். ஸுபைரா சொன்னபடியே ஒன்றும் கேட்கவில்லை. காயத்தைக் கழுவி மருந்து போட்டாள். காலையில் தாஸிமுக்கு ஆள் அனுப்பப் போகிறாள் என்றே லத்தீப் நினைத்தார்.

காலையில் அவள் தலையில் முட்டாக்கைப் போட்டுக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"ஏத்திட்டுப் போங்க. அந்த எறக்கத்துக்கு."

"நீயா? ஆக்கள் என்ன செல்லும்?"

"விதவையாகினா செல்றதவிட கொறச்சலாத்தான் செல்லும்."

பெட்டியைக் கழற்றிவிட்டுச் சாக்கை மடித்துப் போட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அந்த வண்டியில் ஏறியதில்லை. நமுனுகுல மலையில் மேகம் படுத்திருந்தது. உச்சியில் திருப்பினார். சரிவு தொடங்கியதும் கையை உள்ளே நகர்த்தினார். அவளுடைய பாரமும் சேர்ந்து முதுகில் சாய்ந்தது. கை பிடியில் ஊன்றியது. கரண்டி தொடப்படாமல் ஓரத்தில் கிடந்தது. வண்டி கியரின் பிடியில் மெதுவாக இறங்கியது. நேற்று விழுந்த இடத்தில் செடி சாய்ந்திருந்தது. ஸுபைரா அதைத் திரும்பிப் பார்த்தது தோளில் தெரிந்தது. அவருடைய சட்டையைப் பிடித்திருந்த அவள் கை இறுகியது, பிறகு தளர்ந்தது.

பிற்காலத்தில், அந்தத் தோட்டங்களுக்குக் கருவாடு வேனில் போகத் தொடங்கிய பிறகு, லத்தீப் அடிக்கடி நினைத்துக்கொண்டது லயத்துச் சத்தத்தையோ விற்ற கருவாட்டையோ அல்ல, சட்டையில் அந்தக் கை தளர்ந்த இடத்தைத்தான்.

அடிவாரப் பாலத்தில் அவள் இறங்கி முட்டாக்கைச் சரிசெய்தாள்.

"தாஸிம் காக்காக்குப் பைக்க குடுக்கல்லன்டு செல்லி அனுப்புங்க" என்றாள். "ஆனா இனி சாக்கத் தொவைச்சிட்டுப் போடுங்க. என்ட உடுப்பெல்லாம் நெத்தலி வாசம்."