ஏழு தெரு பார்த்த படம்

கூடத்தில் இருந்தவர்கள்: பூட்டு ரிப்பேர்க்காரர், அவர் மனைவி, வீட்டுக்கார டீச்சரம்மா, மேசையில் செம்பு மேல் சாய்த்து வைத்த ஒரு போன். போனுக்குள் தெருக் குழுவின் நூற்றுப் பன்னிரண்டு பேர். பாதிப் பேர் வாயிருந்தும் ஊமை.

பன்னிரண்டு நாளுக்கு முன் டீச்சரம்மா மாடியிலிருந்து ஒரு படம் எடுத்தார். எதிர்வீட்டு வாசலில் ஒருவர் குத்துக்காலிட்டுக் கம்பியால் பூட்டை நோண்டுகிறார். 'திருடன், உஷார்!' என்று குழுவில் போட்டார். சாவியைத் தொலைத்த எதிர்வீட்டுக்காரரே ரிப்பேர்க்காரரை வரவழைத்திருந்தார் என்பது சாயங்காலம்தான் தெரிந்தது. படத்தை அழித்தார். அதற்குள் அது ஏழு தெரு தாண்டியிருந்தது. அன்றிலிருந்து ரிப்பேர்க்காரரை ஒருவரும் கூப்பிடவில்லை.

"மன்னிப்பு கேட்டு எழுதினேனே," என்றார் டீச்சரம்மா.

"எழுதினீங்க. நாலு கும்பிடு பொம்மை விழுந்துச்சு, அவ்வளவுதான்," என்றாள் மனைவி. "பூட்டைத் திறந்தா திருடன்னா, ஊசி குத்துற டாக்டரும் ரவுடிதான்."

"விடும்மா," என்றார் ரிப்பேர்க்காரர்.

"நீங்க சும்மா இருங்க. விட்டு விட்டுத்தான் இந்த லட்சணம்."

டீச்சரம்மா போனில் நேரலையைத் தட்டினார்.

"அந்தப் படத்தை எடுத்தவ நான்தான். கண்ணாடி போட்டும் குருடி. என் வாசல் பூட்டை இவர் மாத்தப் போறார். நான் மக வீட்டுக்குப் போறேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் சாவி ரெண்டும் இவர்கிட்டதான்."

பழைய பூட்டைக் கழற்றத் தொடங்கிய ரிப்பேர்க்காரர் கையில், இருபது வருஷத்தில் நழுவாத திருப்புளி ஒருமுறை நழுவியது.

"வேணாம்மா. வேற எவனாவது புகுந்து எடுத்தா, பழி என் தலையில."

"போனா என் பழைய டீவி போகும். உங்களுக்குப் போனது பொழைப்பு."

போன் டிங்கென்றது. டீச்சரம்மா வாசித்தார்: "'எதுக்கும் கேமரா மாட்டுங்க.' இவன் எப்பவும் இப்படித்தான். இன்னொண்ணு வந்திருக்கு: 'அண்ணே, எங்க பீரோ பூட்டு திறக்க மாட்டேங்குது. நாளைக்கு வர்றீங்களா?'"

"காலையில வர்றார்னு போடுங்க," என்றாள் மனைவி, அவரைக் கேட்காமலே.

டீச்சரம்மா பையோடு படியிறங்கினார். திரும்பிப் பார்க்கவில்லை. ரிப்பேர்க்காரர் பூட்டை மாட்டி முடித்தார். மனைவி இரும்புத்தூளைக் கூட்டி அள்ளினாள்.

அவர் வாசலில் நின்றபோது எதிர் மாடியில் ஒரு போன் உயர்ந்தது. அவர் முகத்தைக் குனிந்துகொண்டார்.

"நல்லா எடுங்க, முகம் தெரியட்டும்!" என்று மனைவி குரல் கொடுத்தபடி வெளியே வந்தாள்.

அவர் நிமிர்ந்து நின்று, அவளுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினார்.