அலுமினியத்துக்கு வச்ச பொட்டு

நான் வரைஞ்ச சர்க்யூட் போர்டுல ஓட்டை தப்புன்னு எவனாச்சும் சொன்னா எனக்கு மூக்குக்கு மேல கோவம் வந்துரும். இப்ப இல்ல, ரெண்டாயிரத்து எட்டுலயே அப்படித்தான். அப்ப ராமநாதபுரம் கேணிக்கரையில ஒரு மாடியில நாங்க எல்.இ.டி. விளக்கு பண்ணிக்கிட்டிருந்தோம். நாங்கன்னா முதலாளி நெய்னா முகம்மது அண்ணன், சால்டரிங் பாக்குற முஹைதீன், போர்டு வரையுற நான். நெய்னா அண்ணன் கீழக்கரைக்காரரு, துபாயில பதினெட்டு வருசம் லைட்டு கம்பெனியில இருந்துட்டு வந்தவரு. நான் நாகலெட்சுமி, அபிராமம். மிளகா வெள்ளாமை போட்டுத்தான் எங்கய்யா என்னைய எலக்ட்ரானிக்ஸ் படிக்க வச்சாரு.

பாம்பன் மீன் ஏலக் கொட்டகைக்கு நாப்பது விளக்கு வேணும்னு படகுக்காரங்க சங்கத் தலைவர் கூத்தையா வந்து கேட்டாரு. முந்தின வருசம் அந்தக் கொட்டகையில, ஈரத்தரையில நின்னு பழைய விளக்கைத் தொட்ட அவரோட மச்சினன் கரண்டு அடிச்சுச் செத்துப்போனாரு. வெளிச்சம் கொஞ்சம் கம்மியா இருந்தாலும் பரவால்ல, தொட்டா அடிக்கக் கூடாது. கூத்தையா கேட்டது அது ஒண்ணுதான்.

எல்.இ.டி. பாக்க மிளகா விதை கணக்கா இருக்கும், சூடு மட்டும் அடுப்பாட்டம். அந்தச் சூட்டை வாங்கிக்கத்தான் போர்டுக்குள்ள அலுமினியத் தகடு. மத்தவங்க தகட்டுக்கு ஒரு பக்கம் மட்டும் செம்பு வச்சு வரைவாங்க. நான் அலுமினியத்தை நடுவுல வச்சு, மேல எல்.இ.டி.க்கு ஒரு அடுக்கு, கீழ சர்க்யூட்டுக்கு ஒரு அடுக்குன்னு வரைஞ்சேன். அப்பத்தான் விளக்கு கைக்கு அடக்கமா வரும். ரெண்டு அடுக்குக்கும் நடுவுல கரண்டு போக ஓட்டை வேணும். அந்த ஓட்டை அலுமினியத்துல பட்டுச்சுன்னா முடிஞ்சது கதை, விளக்கு உடம்பு பூரா கரண்டு. அதனால முதல்ல பெரிய ஓட்டையாப் போட்டு, கரண்டு கடத்தாத பிசினை ஊத்தி அடைச்சு, அது இறுகுனப்புறம் நடுவுல சின்ன ஓட்டை போட்டு, அதுக்குள்ள செம்பு பூசணும். மொத்தம் எண்பத்தாறு ஓட்டை. ஒவ்வொண்ணையும் சுத்தி எவ்வளவு பிசின் நிக்கணும்னு பாத்துப் பாத்து பதினாலு தடவ வரைஞ்சேன். சென்னையில ஒரு கன்சல்டன்ட்டு படத்தைப் பாத்துட்டு, ராம்நாட்டுல உக்காந்துக்கிட்டு இதெல்லாம் எதுக்கும்மான்னாரு. வந்த ஆத்திரத்துல பதினஞ்சாவது தடவையும் வரைஞ்சேன்.

நெய்னா அண்ணன் முன்னாடியே தெளிவாச் சொல்லிட்டாரு. இந்தச் சாம்பிள் பாஸானா இனிமே நம்ம போர்டை நம்மளே வரையலாம். இல்லைன்னா சீனாவுலருந்து செஞ்ச போர்டா இறக்கிக்கலாம், நீ பேக்கிங் பாத்துக்கன்னாரு. பேக்கிங்காம் பேக்கிங்.

பெங்களூர்ல குடுத்து ரெண்டு போர்டு செஞ்சு வாங்குனோம். மெக்கர்னு ஒரு மீட்டர் இருக்கு, ஐநூறு வோல்ட்டை விட்டு எங்கயாச்சும் கரண்டு கசியுதான்னு பாக்குறது. வச்சுப் பாத்தேன். துளி கசிவு இல்ல, முள்ளு கடைசிக்குப் போயி நின்னுச்சு. அன்னைக்கு வெள்ளிக்கெழம. எங்க வீட்டுல பம்புசெட்டு வாங்குனாலும் மிக்சி வாங்குனாலும் சந்தனம் குங்குமம் வைக்காம ஓட்டுனதில்ல. வீட்டுக்கு நிலைவாசல்ல பொட்டு வைக்கிறோம், போர்டுக்கு வாசல் எது? கரண்டு உள்ள நுழையுற செம்புப் பட்டைதான? ரெண்டு போர்டுலயும் மூலையில இருந்த அந்தப் பட்டையில சந்தனத்தைக் குழைச்சு வச்சு, அது மேல குங்குமம் வச்சேன். நெய்னா அண்ணன் பாத்துச் சிரிச்சாரு. அவரும் தன் பங்குக்கு பிஸ்மி சொல்லி ரெண்டையும் பெட்டியில வச்சாரு.

மறுநாள் கூத்தையா ஒரு எலக்ட்ரீசியனைக் கூட்டிக்கிட்டு வந்தாரு. மெக்கரை வச்சாங்க. முள்ளு எந்திரிக்கவே இல்ல, அத்தனையும் கசிவு. ரெண்டாவது போர்டும் அதே கதி. எலக்ட்ரீசியன் உதட்டைப் பிதுக்கி, ஓட்டை அலுமினியத்துல இடிக்குதுன்னு ஒரே போடாப் போட்டாரு. நெய்னா அண்ணன் என் மூஞ்சியப் பாக்காம, விடும்மா, சீனாவுக்கே போன் போட்டுருவோம்னாரு. எனக்கு உள்ளங்கால்லருந்து உச்சி வரைக்கும் பத்திக்கிட்டு வந்துச்சு. அரை மணி நேரம் குடுங்கன்னுட்டு போர்டைப் பிடுங்கிக்கிட்டு என் மேசைக்குப் போயிட்டேன்.

ஓட்டை தப்புன்னா நேத்தே தெரிஞ்சிருக்கணும்ல? பெட்டிக்குள்ள படுத்திருந்த போர்டுல ஓட்டை எந்திரிச்சு நடக்குமா? சூட்டுக்காத்தை அடிச்சேன், முள்ளு மெல்ல ஏறுச்சு. ஆறவிட்டுக் கொஞ்சம் பொறுத்தேன், திரும்ப இறங்குச்சு. அப்ப ஈரம்தான். ஈரம் எங்கன இருக்குன்னு குனிஞ்சு பாத்தேன். நான் வச்ச பொட்டு! செம்புப் பட்டையில ஆரம்பிச்சு, போர்டு ஓரத்துல வழிஞ்சு, வெட்டுன அலுமினியத்து மேல ஒட்டிக்கிட்டு, காத்துல இருக்குற ஈரத்தைக் குடிச்சு நசநசன்னு உக்காந்திருக்கு. ஸ்பிரிட்டைத் தொட்டுத் தொடச்சேன். முள்ளு விறுவிறுன்னு கடைசிக்குப் போச்சு.

யாரும் பாக்கல. வயரு லூசா இருந்துச்சுன்னு ஒரு பொய் சொன்னாப் போதும், நாப்பது விளக்கும் எங்களுக்குத்தான். சத்தியமா அந்தப் பொய் வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா ஒரு சொட்டுச் சந்தனம் ஒரே நாள்ல இதைச் செய்யும்னா, பாம்பன் உப்புக்காத்து ஆறு மாசத்துல என்னதான் செய்யாது? விளக்குக்கு மூடி இருக்கேங்கலாம். அந்தக் காத்து புகாத மூடிய எவன் செஞ்சிருக்கான்? செம்பை ஓரத்துக்கு ஒரு மில்லிமீட்டர்ல கொண்டாந்து நிறுத்துனது நான்தான். எண்பத்தாறு ஓட்டையக் காவல் காத்துட்டு வேலிய மறந்துட்டேன்.

போர்டைக் கொண்டாந்து கூத்தையா முன்னாடி வச்சேன்.

"பொட்டு வச்சது நான்தான். ஆனா தப்பு பொட்டுல இல்லண்ணே, என் போர்டுல. இதை வாங்காதீங்க. இருபது நாள் குடுங்க, வேற கொண்டாரேன்."

எலக்ட்ரீசியன் சிரிச்சாரு. முஹைதீன் தலையில கைய வச்சுக்கிட்டான். கூத்தையா மட்டும் சிரிக்கல. தொடச்சிட்டுச் சும்மா இருந்திருக்கலாமேன்னு கேட்டாரு. அவரோட மச்சினனை நெனச்சேன்னு சொல்லாம, பாம்பன் காத்துக்கு இது தாங்காதுண்ணேன்னேன். இருபது நாள் எடுத்துக்கன்னு கூத்தையா எந்திரிச்சுப் போயிட்டாரு. சீனாவுக்குப் போடுற போனை நெய்னா அண்ணன் தள்ளி வச்சாரு.

ஓரத்தைச் சுத்தி நாலு மில்லிமீட்டருக்குச் செம்பே இருக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணேன். நாலு மில்லிமீட்டர்னா சும்மாவா? செம்பை உள்ள தள்ளுனா ஓட்டை நெருக்குது, ஓட்டைய நகத்துனா எல்.இ.டி. இடிக்குது. கடைசியில கீழ் அடுக்கை மொத்தமா அழிச்சுட்டு முதல்லருந்து வரைஞ்சேன். எண்பத்தாறு ஓட்டை எழுபத்தொண்ணாக் குறைஞ்சுச்சு. பின்ன, எனக்குப் பெருமையா இருக்காதா? வெட்டுன ஓரம் பூரா வார்னிஷும் பூச வச்சேன்.

இருபதாவது நாளு பாம்பன் கொட்டகைக்கே போனோம். புதுப் போர்டு ஒண்ணை எடுத்து, எல்லாரும் பாக்க ஓரம் முழுக்கச் சந்தனத்தை அப்பி, கடல்தண்ணியத் தெளிச்சு மெக்கரை வச்சேன். முள்ளு கடைசியில போயி நின்னது நின்னதுதான். எலக்ட்ரீசியன் மூணு தடவ வச்சுப் பாத்துட்டு மீட்டரை மூடுனாரு.

இன்னொரு போர்டு போட்ட விளக்கை ஆள் உயரத்துக்குத் தூண்ல மாட்டி சுவிட்சைப் போட்டாங்க. தரை பூரா மீன்தண்ணி. நான் செருப்பைக் கழட்டிட்டு வெறுங்காலோட அதுல போயி நின்னு, நனைஞ்ச கையால விளக்கோட உடம்பைப் பிடிச்சேன். லேசா வெதுவெதுன்னு இருந்துச்சு, அவ்வளவுதான்.

கூத்தையா வந்து என் பக்கத்துல நின்னாரு. அவரும் செருப்பைக் கழட்டுனாரு. கையத் தூக்குனவரு பாதியில நிறுத்துனாரு. நான் பிடிச்ச கைய விடல. அப்புறம் அவரும் என் கைக்குப் பக்கத்துல கைய வச்சாரு. கண்ணு ரெண்டும் நெறஞ்சு வழிஞ்சுச்சு.

சீனா சரக்கான்னு ஏலத்துக்கு வந்த ஒருத்தர் கேட்டாரு. எனக்கு வழக்கம்போல சுர்ருன்னு ஏறுச்சு. நான் வாயத் தொறக்குறதுக்கு முன்னாடி நெய்னா அண்ணன் கொட்டகையே திரும்பிப் பாக்குற மாதிரி சொன்னாரு.

"எங்க நாகலெட்சுமி வரைஞ்சது. இங்கன, ராம்நாட்டுல."

கூத்தையா இன்னும் விளக்குலருந்து கைய எடுக்கல.