வளைக்குள் இருந்த மல்லாட்டை

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது என் கதையில்லை. செங்கத்திலிருந்து வந்த பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பாதி சொல்லிவிட்டு ரமணாசிரமம் ஸ்டாப்பில் இறங்கிப் போய்விட்டார். அந்த ஆள்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

2
1994, சித்திரை. மலைமேல் வெயில் தங்கமாய்... [அடித்துவிட்டேன். இந்தக் கதையில் வெயிலை ரசிக்க யாருக்கும் நேரமில்லை.]

பலராமனின் மல்லாட்டைக் கொல்லையில் எலி பாதி விளைச்சலைத் தின்றுவிட்டது. (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் மல்லாட்டை, வயலுக்குக் கொல்லை.) ஆந்தைகள் குடியிருந்த பனைகளைச் செங்கல் சூளைக்கு வெட்டினார்கள். பாம்புகளைத் தோலுக்காகப் பிடித்தே தீர்த்தார்கள். [இங்கே எனக்குக் கட்டுரை எழுதக் கை பரபரக்கிறது. நிறுத்திக்கொள்கிறேன்.] எலியைத் தின்ன எதுவும் மிஞ்சாததால் பலராமன் டவுனில் விஷம் வாங்கி, மல்லாட்டைப் பருப்பில் பிசைந்து வளைக்கு வளை போட்டான். பெண்சாதி தனத்திடம் சொல்லவில்லை.

அவளோ மறுநாள் காலையில், வருஷா வருஷம் செய்வதுபோல, வளை வெட்டும் சடையனையும் அவன் மனைவி வெள்ளையம்மாளையும் கூப்பிட்டுவிட்டாள். வளைக்குள் எலி சேர்த்து வைத்திருப்பது வெட்டுகிறவர்களுக்குக் கூலி. ஓட்டோடு இருந்ததும் பருப்புமாக ஒரு கூடை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

3
மதியம் புருஷன் விஷம் வைத்தது தெரிந்ததும் தனம் பதறிக் கிளம்பினாள். பலராமன் மறித்தான்.

"விஷம்னு வாயத் தொறக்காத. போலீஸ் கேஸாயிடும். மல்லாட்டைய மட்டும் திருப்பி வாங்கிக்கினு வா."

இவனை வில்லனாக்கப் பார்த்தேன். முடியவில்லை. பயந்துபோன ஆள், அவ்வளவுதான்.

4
தனம் போகிறாள், உண்மையைச் சொல்கிறாள், கூடையைக் குழி தோண்டிப் புதைக்கிறார்கள், சுபம். எழுதியும் பார்த்தேன். ஆனால் பக்கத்து சீட்டுக்காரர் சொன்ன தனம் புருஷன் பேச்சைத்தான் பேசினாள்.

"அந்த மல்லாட்டையத் திருப்பிக் குடுத்துடு வெள்ளையம்மா."

வெள்ளையம்மாள் அடுப்பை விட்டு எழுந்திருக்கவில்லை. "வளையில கெடைச்சது எங்க கூலிதானுங்களே. இதுவரிக்கும் திருப்பிக் கேட்டிருக்கீங்களா? வெளைச்சல் கம்மின்னா எங்க சோத்துலயா கை வைப்பீங்க?"

"அதில்ல, வந்து..."

"தர முடியாதுங்க."

அவர் பஸ்ஸை விட்டு இறங்கியது இங்கேதான்.

5
உண்மையைச் சொன்னால் புருஷன் ஜெயிலுக்குப் போவான் என்று தனம் நம்புகிறாள். சொல்லாவிட்டால்... [இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியமில்லை.]

பேனாவை உங்களிடம் தருகிறேன். தனத்தின் அடுத்த வார்த்தையை நீங்கள் எழுதுங்கள். யோசிக்க அவகாசம் கேட்காதீர்கள். வெள்ளையம்மாள் வறுத்ததில் ஒன்றை எடுத்து, உள்ளங்கையில் தேய்த்து, தோலை ஊதுகிறாள்.